மூன்று நாளாக நாயின் போக்கே சரியில்லை: வாயைத் திறந்து பார்க்கலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறேன். நான்கு வயதுக் காவல் நாய், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். மூன்று நாளாக மோட்டார் ரூமில் இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது, சோறு தொடவில்லை. நேற்று சங்கிலி போடப் போன என் பையனைப் பார்த்து உறுமியது. குரைக்கும் குரலும் கரகரவென்று மாறிவிட்டது, வாயில் எச்சில் வழிகிறது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும், வாயைத் திறந்து பாருங்கள் என்கிறார்கள். தண்ணீரை நக்குகிறது, அதனால் வெறி இல்லை என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஒரு மாதம் முன்பு தெருநாயோடு சண்டை போட்டு காதில் காயம் ஆனது. குட்டியாக இருந்தபோது ஒரு முறை ஊசி போட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று, வாயைத் திறக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி, கையுறை போட்டுக்கொண்டு என்றாலும் சரி, வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து வெறிநோய்தான் என்று முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சண்டை நடந்து ஒரு மாதம், ஊசி விட்டுப்போயிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, எச்சில் வழிகிறது, இருட்டைத் தேடுகிறது, வீட்டு ஆளையே உறுமுகிறது என்று எல்லாம் சேர்ந்து வரும்போது, இல்லை என்று உறுதியாகும் வரை வெறிநோய் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கடிபட்ட நாய்க்குப் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளியே தெரியும், உங்கள் கணக்கு அதற்குள்தான் வருகிறது.

தண்ணீர் குடிக்கிறது, அதனால் வெறி இல்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவது மனிதனுக்கு வரும்போது தெரிகிற அறிகுறி. நாய் தண்ணீரில் வாய் வைக்கும், விழுங்கத்தான் சிரமப்படும். அதேபோல வெறி என்றால் ஊரெல்லாம் ஓடிக் கடிக்கும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லாமல் சத்தமே போடாமல் மூலையில் படுத்து, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகிக் கிடக்கிற வகையும் உண்டு. அதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் பாவம் எலும்பு சிக்கிவிட்டது என்று நாமே போய் வாயில் கை விடுகிறோம். உண்மையிலேயே எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் உங்களிடமே வந்து நிற்கும், இப்படி ஒளியாது. மாட்டுக்கும் இதே கதைதான்: ஓயாமல் கரகரவென்று கத்தினால் சினைப் பருவம் என்பார்கள், எச்சில் ஒழுகினால் மாங்கொட்டை அடைத்திருக்கிறது என்று தோள் வரைக்கும் கையை விடுவார்கள், அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஊசி.

வேறு காரணங்களும் இருக்கலாம். காதுக் காயத்தில் புழு வைத்திருந்தால் நாய் தலையை உதறும், கிட்டப் போனாலே நாற்றம் வரும், தலைப்பக்கம் கை கொண்டுபோனால் சீறும். உண்ணிக் காய்ச்சலிலும் சோறு இறங்காது, மூலையில் சுருண்டு கிடக்கும், ஈறு வெளுத்துப் போகும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். பூச்சிமருந்தோ குருணை மருந்தோ வயிற்றில் போயிருந்தால் எச்சில் கொட்டும், உடம்பு நடுங்கும், ஆனால் அது சில மணி நேரத்தில் முற்றிவிடுகிற விஷயம், மூன்று நாள் இழுக்காது. இவற்றில் எது என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் கிட்டப் போய்ச் சோதிக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. நாய் உள்ளே இருக்கும்போதே மோட்டார் ரூம் கதவை வெளியிலிருந்து சாத்தித் தாழ் போடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் பாயாவிட்டால் முருங்கை ஒன்றும் ஆகிவிடாது, மோட்டார் போட உள்ளே நுழைய வேண்டாம். தண்ணீர் வைப்பதானால் நீளக் கம்பால் தள்ளி வையுங்கள். பிறகு கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்கு. பேசும்போதே வெறிநோய்ச் சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற ஏற்பாட்டோடு வருவார்கள். சங்கிலியில் கட்டி டூவீலரில் தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம்.

அடித்துக் கொன்றுவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். எச்சிலும் ரத்தமும் மேலே தெறிக்கும், மண்டை நசுங்கினால் மூளையைப் பரிசோதித்து உறுதி செய்யவும் வழி இல்லாமல் போய்விடும். வெறிநோயாக இருந்தால் அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள் நாய் இறந்துவிடும், அதற்குச் சிகிச்சை கிடையாது. இறந்தால் நீங்கள் தொடாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள், மாதிரி எடுப்பதா, எப்படிப் புதைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது உங்கள் வீட்டு ஆட்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி வரும். அதனால் இந்த மூன்று நாள் மட்டுமில்லை, அதற்கு முந்தைய ஒரு வாரம் பத்து நாளையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்: யாரையாவது பல் கீறியதா, நகம் பட்டதா, கையில் வெட்டுக்காயம் இருந்த இடத்தில் நக்கியதா. முருங்கை வெட்டுகிற கையில் காயம் இல்லாமல் இருக்காது. அப்படி ஏதாவது இருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். தோலில் போடுகிற ஊசி என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள், சதையில் என்றால் 14-ஆம் நாளும் உண்டு. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) ஊசியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாய் என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. நாய் பத்து நாள் தாண்டி நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம்.

தோட்டத்தில் மாடு, ஆடு, வேறு நாய் இருந்தால் கடிபட்ட தடம் உண்டா என்று பாருங்கள், இருந்தால் அவற்றுக்கும் கடிக்குப் பின் போடுகிற ஊசி வரிசை இருக்கிறது, மருத்துவர் வரும்போது கேளுங்கள். சந்தேகம் தீரும் வரை பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சலோ காதுப் புழுவோ என்று தெரிந்தால் நல்லது, ஊசி மருந்தில் தேறிவிடும். குணமானதும் வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள், வருஷா வருஷம் போட வேண்டியது அது.