மாப்பிள்ளை கொண்டுவரும் சீர்

கேள்வி: பெண் சிலந்திக்குப் பசியா இல்லையா என்று பார்த்து ஆண் சிலந்தி பரிசு கொடுக்கும் என்கிறான் என் மகன். நிஜமா? நம் ஊரிலும் உண்டா?
– வாசகி, ஈசூன்

பதில்: பரிசு நிஜம். ஐரோப்பாவில் பிசாரா மிராபிலிஸ் என்று ஒரு சிலந்தி. பெண் நடந்துபோன வழியில் கிடக்கும் நூல் காலில் பட்டால் போதும், ஆண் தான் பிடித்த ஈயை நூலால் சுற்றி வெள்ளைப் பொட்டலமாக்கி வாயில் கவ்விக்கொண்டு கிளம்பிவிடும். பசித்த பெண் சட்டென்று வாங்கிக்கொள்ளும். அது தின்கிற நேரம்தான் இவருக்குக் கிடைக்கிற நேரம், பொட்டலம் பெரிதென்றால் கூடலும் நீளும். வெறுங்கையோடு போகிறவர் தாமே சாப்பாடாகிவிடும் ஆபத்து அதிகம்.

ஆனால் பெண்ணின் பசி மட்டும் கணக்கில்லை, ஆணின் வயிறும் பேசும். நன்றாகத் தின்ற ஆண்தான் பெரும்பாலும் சீர் கட்டும். சில ஆண்கள் சாறு உறிஞ்சிய பூச்சியின் வெறும் கூட்டையோ செடித் துணுக்கையோ சுற்றி நீட்டிவிடும், மேலே பளபளவென்று நூல் இருப்பதால் பிரிக்கும்வரை தெரியாது. பெண் ஏமாளியா என்றால் இல்லை, உள்ளே சரக்கில்லை என்று தெரிந்ததும் கூடலைச் சீக்கிரமே முடித்துவிடும். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கும் பெண்ணும் உண்டு. அப்போது ஆண் பிடியை விடாமல், காலை நீட்டிச் செத்தது போல் கிடந்து, பெண் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், அது நின்று தின்ன ஆரம்பித்ததும் மெல்ல எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்! (மகனிடம் இதில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பாடு.)

சரி, நம் ஊர் சிங்கப்பூர். இங்கே காட்டுப்பாதைகளில் மஞ்சள் மின்னும் பெரிய வலை கட்டும் நெஃபிலா பிலிப்பெஸ் என்ற சிலந்தி இருக்கிறது. இதில் ஆண் சாப்பாட்டுப் பொட்டலம் எதுவும் கொண்டுபோவதில்லை. பெண்ணின் முதுகில் ஏறி நடந்து நடந்து மெல்லிய நூலைப் பரப்பும், ஏறக்குறைய மசாஜ் மாதிரி. அது பெண்ணின் மூர்க்கத்தைத் தணிக்கிறது, அதிலும் நூலின் வாசனையைவிடத் தொடுகைதான் முக்கியம் என்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள். அடுத்த முறை மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் போனால் நடுவலையில் உள்ளங்கை அளவுக்குக் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெண் சிலந்தியை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே அரிசி அளவில் செம்பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அதுதான் மாப்பிள்ளை.