லண்டன் குசினியில் சிங்க் அடைத்தால்: திருகோணமலைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கிப் போடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உவர்மலையிலிருந்து வந்து ஈஸ்ட்ஹாமில் முதலாம் மாடியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறீர்கள். குசினி சிங்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. அம்மா ஃபோனில் அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றச் சொல்கிறா. கூட இருக்கிற பிள்ளை, கடையில் விற்கிற அடைப்பு மருந்தை ஊற்றுவம் என்கிறா. ஏஜென்ட் "அது உங்கட செலவு" என்கிறார். ஊரில் ஒருநாளும் இப்படி அடைத்ததில்லை, அதே சமையல்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதே சமையல் என்பதால்தான் அடைத்தது. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். திருகோணமலையில் தை மாத இரவுகளிலும் வெப்பம் அந்த அளவைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் சொதிச் சட்டி கழுவிய தண்ணீர் திரவமாகவே வெளியே போய்விடும். போகிற தூரமும் அதிகமில்லை. சுவரைத் தாண்டி நாலடி ஓடி வாழையடியிலோ கிடங்கிலோ விழும், மணல் குடித்துவிடும். அடைத்தாலும் வெளியில் நின்று ஒரு கம்பியால் குத்தினால் சரி. லண்டனில் குளிர்காலத்தில் பைப்பில் வருகிற தண்ணீரே 10 பாகைக்குக் கீழே இருக்கும். சிங்கை விட்டு இறங்கி இரண்டு அடி போக முன்னமே தேங்காய்ப்பால் கொழுப்பு குழாய்ச் சுவரில் ஒட்டிவிடும். ஆட்டிறைச்சிக் கறியின் கொழுப்பு இன்னும் கெதியாக உறையும். அதில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூச் சக்கையும் சிக்கினால் கொங்கிரீட்டுக்குள் கம்பி வைத்தது மாதிரி இறுகும். போதாததற்கு லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதிலுள்ள கல்சியம் கொழுப்போடு சேர்ந்து சவர்க்காரம் போல ஒரு வெள்ளைக் கட்டியாகிவிடும். 2017இல் லண்டன் வைட்சப்பல் தெருவுக்குக் கீழே சாக்கடையில் 250 மீற்றர் நீளத்தில், 130 தொன் எடையில் கிடந்த கொழுப்பு மலையும் இந்தச் சாதியைச் சேர்ந்ததுதான்.

ஒன்றையும் கழற்ற முன்னம் அடைப்பு எங்கே என்று பாருங்கள். நீங்கள் தண்ணீர் பாவிக்காத நேரத்தில் சிங்கில் மட்டம் தானாக ஏறுகிறதா? அப்படியென்றால் மேல்மாடிக்காரரின் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வருகிறது; எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்குகிற பெரிய குழாய் அடைத்திருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள், உடனே ஏஜென்ட்டுக்குச் சொல்லுங்கள். ரொயிலற் ஃபிளஷ் பண்ணும்போது சிங்க் குமுறினாலும் இதே கதைதான். குளியலறை எல்லாம் நன்றாக ஓடி, குசினி சிங்க் மட்டும் நிற்கிறது என்றால் அடைப்பு உங்கள் ட்ராப்பிலோ (சிங்குக்குக் கீழே, தண்ணீர் தேங்கி நிற்கிற கிண்ணம் அல்லது வளைவு) அதற்கு அடுத்த சில அடி குழாயிலோ இருக்கும். வோஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது சிங்குக்குள் அழுக்கு நுரை ஏறினால், மெஷின் குழாய் வந்து சேர்கிற இடத்தைத் தாண்டித்தான் அடைப்பு. கீழ்வீட்டில் இருப்பவர்கள் வெளியே சுவரோரம் கம்பி மூடி போட்ட குழியையும் பார்க்க வேண்டும். சிங்கில் ஊற்றினால் குழி நிரம்பி வழிகிறதா, ஒரு சொட்டும் வரவில்லையா என்பதே பாதி விடை. வழிகிற குழி என்றால் ரப்பர் கையுறை போட்டு மூடியைத் தூக்கினால் மேலே வெள்ளையாகக் கட்டி நிற்கும், அள்ளிக் குப்பையில் போடலாம்.

தேவையானவை: சிங்குக்கான தட்டையான வாய் உள்ள பிளஞ்சர், அதாவது பிடி போட்ட ரப்பர் கிண்ணம் (ரொயிலற்றுக்கு விற்கிறதில் உள்ளே ஒரு ரப்பர் மடிப்பு நீட்டிக்கொண்டு நிற்கும், அது சிங்கில் பிடிக்காது), ஒரு வாளி, பழைய துவாய், கையுறை, பழைய பல்துலக்கி. குழாய் வரைக்கும் போக வேண்டி வந்தால் கையால் சுற்றுகிற 3 முதல் 5 மீற்றர் ஸ்நேக் (குழாய்க்குள் வளைந்து போகிற சுருள் கம்பி) ஒன்று. ஸ்க்ரூஃபிக்ஸ், டூல்ஸ்டேஷன் மாதிரிக் கடைகளில் பிளஞ்சரும் ஸ்நேக்கும் சேர்த்து 20 பவுணுக்குள் முடிக்கலாம்.

முதலில் பிளஞ்சர். சிங்கில் நாலைந்து சென்ரிமீற்றர் தண்ணீர் மட்டும் விட்டு மிச்சத்தைக் கோப்பையால் அள்ளி வாளியில் ஊற்றுங்கள். பிளஞ்சரின் வாய் தண்ணீருக்குள் மூழ்க வேண்டும். சிங்கின் மேல் விளிம்புக்குக் கிட்ட இருக்கிற ஓவர்ஃபுளோ ஓட்டையை ஈரத்துணியால் இறுக்கி அடையுங்கள். இரட்டைச் சிங்க் என்றால் மற்றத் துவாரத்தையும் அடைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் பத்து நிமிடம் குத்திவிட்டு பிளஞ்சர் சரியில்லை என்பார்கள். கொடுத்த அமுக்கமெல்லாம் அந்த ஓட்டையால் போயிருக்கும். வோஷிங் மெஷின் குழாய் ட்ராப்பில் கொளுவியிருந்தால் அதையும் மடித்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். 15, 20 தரம் ஒரே சீராகக் குத்துங்கள். கீழே தள்ளுவதைவிட மேலே இழுக்கிற இழுவைதான் கட்டியை உடைக்கும். தண்ணீர் சுழன்று இறங்கத் தொடங்கினால் பாத்திரம் கழுவுகிற திரவத்தை நன்றாக ஊற்றி, சுடுதண்ணீரைத் திறந்து விடுங்கள்.

கொதி தண்ணீரைக் கேத்தலோடு அப்படியே கவிழ்க்க வேண்டாம். பிளாஸ்ரிக் குழாயும் அதன் ரப்பர் வாஷர்களும் இளகி மூட்டு கசியலாம், பீங்கான் சிங்க் வெடிக்கலாம். பைப்பில் வருகிற சூடு போதும். அடைப்பு முழுமையானது என்றால் சுடுதண்ணீர் எதற்கும் உதவாது, கட்டியைத் தொட முன்னமே ஆறிவிடும்.

பிளஞ்சர் வேலை செய்யாவிட்டால் ட்ராப்பைக் கழற்றுங்கள். சிங்குக்குக் கீழே அலுமாரியைக் காலி பண்ணி, வாளியைச் சரியாக ட்ராப்புக்குக் கீழே வையுங்கள். வோஷிங் மெஷினை நிறுத்துங்கள். பல லண்டன் ஃபிளாட்டுகளில் இருப்பது போத்தல் மாதிரி ட்ராப். அதன் அடிக்கிண்ணத்தைக் கையால் சுற்றினால் கழரும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். மேலே நின்று குனிந்தபடி சுற்றுபவர்கள் திசை மாறி இன்னும் இறுக்கிவிடுவார்கள். வளைந்த குழாய் வகை என்றால் இரண்டு நட்: ஒன்று சிங்கின் அடியில், மற்றது சுவருக்குப் போகிற குழாயில். கையால் வராவிட்டால் துணி சுற்றிக் குறடு போடலாம், கழற்றுவதற்கு மட்டும்.

உள்ளே இருக்கிறது மஞ்சள் ஏறிய, சவர்க்காரம் போல் வழுக்குகிற களி. நடுவில் கறிவேப்பிலைக் காம்பும் தேயிலைச் சக்கையும் நிற்கும். பல்துலக்கியால் வாளிக்குள் வைத்தே கழுவுங்கள். சிங்கில் கழுவவும் வேண்டாம், வாளித் தண்ணீரைச் சிங்கில் ஊற்றவும் வேண்டாம். ட்ராப் இல்லாத சிங்கிலிருந்து எல்லாம் அலுமாரிக்குள்தான் வரும். இதில் மாட்டாத ஆளைக் காண்பது அரிது. கட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டு, தண்ணீரை மட்டும் ரொயிலற்றில் ஊற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது வாஷரைக் கவனியுங்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால், தட்டைப் பக்கம் நட்டைப் பார்க்கவும் சரிவுப் பக்கம் மூட்டுக்குள் போகவும் வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். கையால் இறுக்கிய பிறகு கால் சுற்று போதும், குறடு போட்டால் பிளாஸ்ரிக் நட் வெடிக்கும். பிறகு சிங்கை விளிம்பு மட்டும் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, காய்ந்த கடதாசியை ஒவ்வொரு மூட்டையும் சுற்றி ஒற்றிப் பாருங்கள். சும்மா பைப்பைத் திறந்து பார்க்கிற சோதனை காணாது. முழுச் சிங்கின் அமுக்கத்தில்தான் கசிவு காட்டும். ட்ராப்புக்குள் எப்போதும் 75 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். தொல்லை தருகிறதென்று ட்ராப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பிறகு குசினியில் இருக்க முடியாது.

ட்ராப் சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள். ஸ்நேக்கை சுவரிலுள்ள குழாய் வாயாலேயே விடுங்கள், ட்ராப் வழியாக விட்டால் அதன் வளைவிலேயே மடங்கும். கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு தள்ள வேண்டும். முட்டினால் உடனே பலம் போடாதீர்கள், அது முழங்கை மூட்டாக இருக்கலாம். சுற்றச் சுற்றத் திரும்பிப் போகும். மெத்தென்று பிடித்தால் அதுதான் கொழுப்பு. அரை அடி முன்னும் பின்னுமாக ஆட்டி, இழுத்து, பழைய பேப்பரில் துடைத்துத் துடைத்து விடுங்கள். ஓட்டை விழுந்ததும் நிறுத்திவிட்டால் இரண்டு கிழமையில் திரும்பவும் வரும், சுவரில் ஒட்டியது மிச்சமிருக்கும். பிறகு ட்ராப்பைப் பூட்டி, சிங்கைச் சுடுதண்ணீராலும் பாத்திரத் திரவத்தாலும் நிரப்பி மூன்று நாலு தரம் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மாதாமாதம் அடைத்தால் பிழை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். 40 மில்லிமீற்றர் குழாய் மீற்றருக்கு 18 மில்லிமீற்றராவது சரிந்து, 3 மீற்றருக்குள் பெரிய குழாயில் சேர வேண்டும் என்பது இங்கிலாந்துக் கட்டட வழிகாட்டி. ஒரு வீட்டை நாலு ஃபிளாட்டாகப் பிரித்து, படுக்கையறையைக் குசினியாக்கிய இடங்களில் குழாய் ஆறேழு மீற்றர் மட்டமாகக் கிடக்கும். அதில் சொதியென்ன, வெறும் தேத்தண்ணியே தேங்கும்.

இனி அந்த மருந்துக் கதை. அம்மா சொன்ன அப்பச்சோடாவும் வினாகிரியும் ஒன்றையொன்று முறித்து, காபனீரொட்சைட்டும் உப்புத் தண்ணீரும்தான் மிஞ்சும். நுரை பார்க்க நல்லாயிருக்கும், கொழுப்பை ஒன்றும் செய்யாது. தீங்கில்லை, அம்மாவுக்காக ஒருக்கால் ஊற்றலாம். கடை மருந்து வேறு விஷயம். பெரும்பாலானவை கோஸ்டிக் சோடா. தண்ணீர் கொஞ்சமாவது ஓடுகிற குழாயில் வேலை செய்யும். தேங்கி நிற்கிற சிங்கில் ஊற்றினால் அந்தக் காரம் முழுக்க உங்கள் ட்ராப்பில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கழற்றும்போது முகத்திலும் கையிலும் வரும். ஊற்றிய பிறகு பிளஞ்சரும் குத்தக்கூடாது. அலுமினியச் சட்டி சிங்கில் இருந்தால் எடுத்துவிடுங்கள், கோஸ்டிக் அதோடு தாக்கி எரியக்கூடிய ஐதரசன் வாயுவைக் கிளப்பும். பிளீச்சோடு வினாகிரியோ வேறு அமிலமோ சேர்த்தால் குளோரின், சின்னக் குசினியில் ஆபத்து. இணையத்தில் "ஒரே ஊற்றில் திறக்கும்" என்று விற்கிற கடும் சல்பூரிக் அமிலத்தை வாங்கவே வேண்டாம். 2018 நவம்பரிலிருந்து 15 வீதத்துக்கு மேற்பட்டதைப் பொதுமக்கள் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். யாராவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பிளம்பர் வந்தவுடன் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

திரும்ப அடைக்காமலிருக்க ஒரு பழக்கம் போதும்: சட்டியும் தாச்சியும் தண்ணீரைக் காண முன்னம் கடதாசியால் துடைபட வேண்டும். பொரித்த எண்ணெய் ஆறியதும் போத்தலில். மிஞ்சின சொதி, கறி எல்லாம் உணவுக் கழிவு வாளியில். துவாரத்துக்கு ஒரு சல்லடை. சோற்றுக்கஞ்சியை ஊரில் போல வடித்து ஊற்றாமல், தண்ணீர் அளவாக வைத்து ரைஸ் குக்கரில் அவித்தால் மாப்பொருள் குழாய்க்கே போகாது.

ஏஜென்ட் சொன்னது பாதி சரி. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, 7 வருடத்துக்குக் குறைந்த வாடகையில் சிங்கையும் அதன் குழாய்களையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் 1953இல் வாரன் எதிர் கீன் என்ற மேன்முறையீட்டில் நீதியரசர் டெனிங், தன் கழிவால் அடைத்த சிங்கின் அடைப்பை வாடகைக்காரரே எடுத்துவிட வேண்டும் என்று நேரடியாகவே குறிப்பிட்டார். இன்றைக்கும் ஏஜென்ட்கள் அதில்தான் நிற்கிறார்கள். ஆகவே உங்கள் ட்ராப்பில் உங்கள் தேங்காய்ப்பூ என்றால் செலவு உங்களுடையது. பொதுக்குழாய், சரிவில்லாத குழாய், நீங்கள் வந்த கிழமையே காட்டிய அடைப்பு என்றால் வீட்டுக்காரருடையது. வீதிப்பக்கம் பல வீடுகளுக்குப் பொதுவான நிலக்கீழ்க் குழாய் என்றால், 2011 ஒக்ரோபர் 1 முதல் அது தண்ணீர்க் கொம்பனியின் பொறுப்பு.

ஏஜென்ட்டோடு ஃபோனில் வாக்குவாதப்படாமல் இன்றைக்கே மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்தத் திகதியில் தொடங்கியது, வேறு எந்தக் குழாய் நிற்கிறது, பிளஞ்சரும் ட்ராப்பும் பார்த்தாயிற்றா, ட்ராப்பில் என்ன இருந்தது, இரண்டு படம். பிளம்பரை அவர் அனுப்பினால், அடைப்பு எந்த இடத்தில் என்ன காரணத்தால் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் காசு கட்ட வேண்டாம். நீங்களே 24 மணிநேரக் கொம்பனியைக் கூப்பிட நேர்ந்தால், கதவைத் திறக்க முன்னமே வரவுக் கூலி எவ்வளவு, அதற்குப் பிறகு எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு மேலதிகமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.