ஆவி, மறுபிறவி, அர்த்தம்: அறுபது புத்தகம் படித்தாயிற்று, இனி?

கேள்வி: எனக்கு 43 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் என் தம்பி மாரடைப்பில் போய்விட்டான். அவனுக்கு 38 வயதுதான். அதிலிருந்து மரணத்துக்குப் பிறகு என்ன, மறுபிறவி உண்டா, ஆவிகளோடு பேச முடியுமா, வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம் என்று கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாங்கிப் படிக்கிறேன். அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. படிக்கிற வரைக்கும் ஆறுதலாக இருக்கிறது, மூடி வைத்ததும் பழையபடி வெறுமை. "செத்தவங்களோடதான் குடும்பம் நடத்துறீங்க" என்கிறாள் மனைவி. எதை நம்புவது? இதெல்லாம் படிப்பதே தப்பா? வாழ்க்கையின் அர்த்தத்தைச் சொல்லும் ஒரே ஒரு புத்தகம் என்றால் எதைச் சொல்வீர்கள்? இன்னொன்று, என் பன்னிரண்டு வயது மகள் இவற்றைப் புரட்டிவிட்டு "சித்தப்பா இப்ப இங்க இருக்காராப்பா?" என்று கேட்டாள். முழித்தேன். (பெயர் வேண்டாம்)

பதில்: நண்பரே, நீளமான கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பது தப்பே இல்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவர் அவன் எங்கே போனான் என்று தேடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என்னை உறுத்தியது வேறு. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் புத்தகங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தம்பியைப் பற்றி இரண்டே வரி, வயதும் மாரடைப்பும். அவர் என்ன வேலை பார்த்தார், எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார், உங்களோடு எதற்கெல்லாம் மல்லுக்கு நின்றார், ஒன்றுமே இல்லை.

சரி, எதை நம்புவது? நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அலமாரியில் இருந்தாலும் அவை செய்கிற வேலை ஒன்றல்ல. பாதிக்கு மேல் "இது நடந்தது" என்று சொல்கிற புத்தகங்கள். இறந்தவர் பேசினார், போன பிறவி ஞாபகம் வந்தது, உடம்பை விட்டு வெளியே போய்த் திரும்பினேன், இப்படி. இவற்றைச் செய்தித்தாளைப் படிக்கிற மாதிரிதான் படிக்க வேண்டும். யார் பார்த்தது, வேறு யார் சரிபார்த்தது, சொன்னவருக்கு இதில் என்ன லாபம் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆன்மிகம் என்று அட்டையில் போட்டிருப்பதற்காகப் பயபக்தியோடு தலையாட்ட வேண்டியதில்லை.

இப்படிக் கேட்பதற்கு அறிவு மட்டும் போதாது, துக்கம் இருக்கும்போது அது இன்னும் கஷ்டம். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிகளில் அவருக்கு ஏற்கெனவே நம்பிக்கை வந்திருந்தது. 1918இல் மகன் போனார், சில மாதத்தில் தம்பியும் போனார், நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. மாயவித்தைக்காரர் ஹூடினி அவருடைய நண்பர். ஹூடினிக்கு அம்மா என்றால் உயிர், அந்த அம்மா 1913இல் இறந்திருந்தார். 1922இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஓட்டல் அறையில் டாயில், அவர் மனைவி, ஹூடினி மூவரும் உட்கார்ந்தார்கள். உன் அம்மாவை வரவழைக்கிறோம் என்றார்கள். டாயிலின் மனைவி பென்சிலை எடுத்தார், கை தானாக ஓடுகிற மாதிரி பக்கம் பக்கமாக எழுதினார், எல்லாம் பாசம் வழிகிற வரிகள். ஹூடினி அங்கே ஒன்றும் பேசவில்லை. ஆனால் தாளின் தலைப்பில் ஒரு சிலுவை போட்டிருந்தது, கடிதம் முழுக்க ஆங்கிலம். அவர் அம்மாவோ யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் அவருக்குச் சரியாக வராது. டாயில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நட்பு முறிந்துபோனது.

இதில் டாயில் முட்டாள், ஹூடினி புத்திசாலி என்று நான் சொல்லவில்லை. ஹூடினியும் உள்ளூர ஆசைப்பட்டவர்தான். தான் இறந்தபின் பேச முடிந்தால் சொல்வதற்கென்று மனைவியோடு ஒரு ரகசியக் குறிச்சொல்லை வைத்திருந்தார். 1926இல் அவர் இறந்தார். பத்து வருடம் முயன்று பார்த்துவிட்டு 1936இல் மனைவி போதும் என்று நிறுத்திக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறவருக்கு ஆதாரத்தின் தரம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் நீங்களே நட்சத்திரக் குறி போட்ட ஏழெட்டுப் புத்தகங்களும் "இறந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள்" என்று முடிகிறவை. கவனித்தீர்களா?

மரணத்தின் விளிம்பு வரை போய்வந்த அனுபவங்களைப் பற்றிய புத்தகங்களை இதே கூடையில் போட மாட்டேன். 1975இல் ரேமண்ட் மூடி என்பவர் அப்படிப்பட்டவர்களின் பேச்சைத் தொகுத்துப் புத்தகமாக்கிய பிறகுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. அப்படி அனுபவித்ததாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அனுபவம் நிஜம். அது எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 2,060 இதயநிறுத்தச் சம்பவங்களை எடுத்துக்கொண்டார்கள். மேலே மிதந்து கீழே பார்த்தேன் என்கிறார்களே, அதைச் சோதிக்க, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி சில அறைகளில் உயரத்தில் தட்டு அடித்துப் படங்களை வைத்தார்கள். பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. ஒருவரும் அந்தப் படத்தைச் சொல்லவில்லை. இதை வைத்து "பார்த்தாயா, எல்லாம் பிரமை" என்று கைதட்டவும் முடியாது, ஏனென்றால் முக்கால்வாசி இதயநிறுத்தங்கள் தட்டே இல்லாத இடங்களில் நடந்தவை, தவிர ஒருவர் தன்னைச் சுற்றி நடந்ததைச் சரியாகவே சொன்னார். உண்மையான ஆராய்ச்சி இப்படித்தான் இருக்கும், இரண்டு பக்கத்தையும் எரிச்சல்படுத்தும். இன்னொரு பக்கம், விபத்தில் சிக்கிய சிறுவன் சொர்க்கம் போய்வந்த கதை என்று 2010இல் ஒரு புத்தகம் அமெரிக்காவில் வந்து விற்றுத் தள்ளியது. 2015இல் அந்தப் பையனே நான் எங்கும் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன் என்று எழுதிவிட்டான். பதிப்பகம் புத்தகத்தை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கிப் படித்து அழுதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

அப்புறம், "நினைப்பதே நடக்கும்" வகையில் நீங்கள் பதினொன்று வாங்கியிருக்கிறீர்கள். அவற்றைத் தூக்கிப் போடுங்கள். நல்லதை நினைத்தால் நல்லது வரும் என்றால், 38 வயதில் மாரடைப்பு வந்தவர் தப்பாக எதையோ நினைத்திருக்க வேண்டும் என்றாகிறது. எவ்வளவு குரூரமான கணக்கு அது! கடைசி அத்தியாயத்தில் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கிற புத்தகங்களுக்கும் இதே மரியாதைதான்.

மற்றதில் எது நிஜம் என்று முடிவுகட்ட இன்னும் எத்தனை படிப்பீர்கள்? வில்லியம் ஜேம்ஸ் என்று ஒரு மேதை இருந்தார், உளவியல், தத்துவம் இரண்டிலும் பெரிய ஆள், ஆன்மிக அனுபவங்களைப் பற்றி 1902இல் அவர் வெளியிட்ட நூலுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஆவி வரவழைக்கிறவர்களைக் கிட்டே இருந்து கவனித்தவர். இருபத்தைந்து வருடம் இந்தத் துறையோடு பழகிவிட்டு, இறப்பதற்கு முந்தைய வருடம், 1909இல், தொடங்கிய இடத்திலேயேதான் நிற்கிறேன் என்று எழுதினார். இது மனிதனுக்குப் பிடிபடவே கூடாது என்று படைத்தவன் நினைத்திருப்பானோ என்றுகூடத் தோன்றுகிறதாம். அப்பேர்ப்பட்டவருக்கே அந்தக் கதி.

நான் உங்களிடம் சொல்ல நினைப்பது இதுதான். நாளைக் காலையில் மறுபிறவி உண்டு என்று ஐயம்திரிபற நிரூபித்துவிட்டார்கள் என்றே வையுங்கள். தம்பி எங்கோ ஒரு குழந்தையாகத் தவழ்கிறார். நல்லது. அப்புறம்? உங்களுக்கு அவர் இல்லாத வீடு அப்படியே இருக்கும், மகள் பள்ளிக்குக் கிளம்புவாள், மனைவி உங்கள் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போவார். இந்த நாளை என்ன செய்வது என்ற கேள்விக்கு மறுபிறவியில் பதில் இல்லை. ஒன்றுமே இல்லை, சாவோடு சரி என்று நிரூபித்தாலும் அதே கதைதான். மரணத்துக்குப் பிறகு என்ன என்பதும் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்பதும் ஒரே கேள்வி என்று நினைத்து முதலாவதைத் துரத்திக்கொண்டே இருக்கிறீர்கள். மூடி வைத்ததும் வெறுமை வருகிறது என்றீர்களே, அது இதனால்தான்.

ஒரே ஒரு புத்தகம் கேட்டீர்கள். விக்டர் பிராங்கல் எழுதியது, நாஜி வதைமுகாமில் கைதியாக இருந்த ஒரு மனநல மருத்துவராகத் தான் கண்டதை 1946இல் வெளியிட்டார், தமிழில் 'வாழ்வின் அர்த்தம்' என்ற மாதிரித் தலைப்புகளில் பேசப்படுவது. உங்கள் பட்டியலில் முப்பத்திரண்டாவதாக இருக்கிறது, "படித்தேன், நன்று" என்று பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். அது நன்று போட்டு மூடுகிற புத்தகம் இல்லை சார். அப்பா, அம்மா, மனைவி, உடன்பிறந்தவர் என்று முகாம்களில் வரிசையாக இழந்தவர் அவர். திரும்பி வந்து ஒன்பதே நாளில் அதை எழுதி முடித்தார், பெயர் போடாமல் வெளியிடத்தான் முதலில் நினைத்தார். அதில் ஓர் இடம் வரும். இனி வாழ்க்கையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று சாகத் துணிந்த இரண்டு பேரிடம் அவர் பேசுவார். சொர்க்கம், கர்மா எதையும் எடுக்க மாட்டார். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை காத்திருக்கிறது, இன்னொருவர் பாதி எழுதி வைத்த அறிவியல் நூல்களை வேறு யாராலும் முடிக்க முடியாது. வாழ்க்கை உங்களிடம் எதையோ எதிர்பார்க்கிறது, அது என்ன என்று பார்க்க வைப்பார். அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்துப் படியுங்கள். புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள், வருடக் கடைசி வரைக்குமாவது.

பட்டியலில் இருக்கிற ரமணரின் 'நான் யார்?' வேறு ரகம். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்க, அவர் வாய் திறக்காமல் எழுதிக்காட்டிய பதில்கள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், ஆனால் அது செய்து பார்ப்பதற்கானது. செய்யப் போவதில்லை என்றால் அறுபதோடு அதுவும் ஒன்று. டால்ஸ்டாயின் ஒப்புதல் நூல் உங்களிடம் இல்லை. பேரும் புகழும் உச்சத்தில் இருந்த ஐம்பது வயதில், தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவேனோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்தவர் எழுதியது. இப்போதைக்கு வேண்டாம், கொஞ்சம் நாள் போகட்டும். அந்த மாதிரி எண்ணம் உங்களுக்கும் தலைகாட்டினால், தூக்கமும் பசியும் போயிருந்தால், அதற்குப் புத்தகம் பதில் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மகளிடம் தெரியாது என்று சொல்லுங்கள். "எனக்குத் தெரியலைம்மா, நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்." பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமும் உண்டு என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகத் தாங்கிக்கொள்வார்கள். அதோடு நிறுத்தாமல் சித்தப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள், கடிதத்தில் எழுதாமல் விட்டீர்களே, அதையெல்லாம். மனைவியும் காது கொடுப்பார் பாருங்கள், அவருக்கும் அவர் கொழுந்தன்தானே. புத்தகங்களை ஒளித்து வைக்க வேண்டாம், பன்னிரண்டு வயதில் ஒளித்ததைத்தான் முதலில் தேடுவாள். ஆவியை வரவழைக்கும் எழுத்துப் பலகை மட்டும் வேண்டாம். அது 1891இல் விளையாட்டுப் பொருளாகக் காப்புரிமை வாங்கி விற்கப்பட்டது. மேசை தானாக நகர்கிறது என்று ஐரோப்பாவே பரபரத்தபோது, 1853இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவே வழுக்குகிற அட்டைகளை வைத்துப் பார்த்தார், கைதான் முதலில் நகர்ந்தது. உட்கார்ந்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, தள்ளுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பலகையிலும் இதே கதைதான். கேட்டால் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தம்பிக்கு 38 வயதில் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு 43. கூடப் பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் மற்றவருக்கும் ஆபத்து கூடுதல் என்றுதான் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கக் கடிதத்தில் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை பார்த்ததாக ஒரு வரி இல்லை. இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள், மருத்துவரிடம் தம்பியின் வயதைச் சொல்ல மறக்க வேண்டாம்.