25,000 ரூபாய்க்கு நீங்கள் அனுப்பிய அந்த ‘ஓகே’

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். போன மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், அம்மா, மாமியார், மனைவி, பிள்ளைகள், தங்கை குடும்பம் என்று ஒன்பது பேர் இலங்கையில் பெந்தோட்டைக்குப் போய் நாலு ராத்திரி தங்கினோம். பேக்கேஜ் 4,62,000 ரூபாய். கேரளத்தில் பாறசாலையைத் தாண்டி கடை வைத்திருக்கும் ஒரு டூர் ஏஜென்ட்தான் ஏற்பாடு செய்தார், தங்கை மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர். கடற்கரை ஓட்டல் என்று சொல்லிவிட்டு, கொழும்பிலிருந்து காலி ஊருக்குப் போகிற ரோட்டுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் இந்தப் பக்கம் உள்ளே தள்ளியிருந்த ஓட்டலில் போட்டார்கள். மிரிஸ்ஸவில் படகில் போய் திமிங்கலம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கடல் சரியில்லை என்று படகே எடுக்கவில்லை. சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, வேன் டிரைவர் பிள்ளைகளைத் திட்டினான், அம்மா முட்டி வலியோடு தண்டவாளம் தாண்டினார். திரும்பி வந்து கேட்டதற்கு 25,000 அனுப்பினார். இப்போது போனையே எடுப்பதில்லை. மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? அதைக் கேரளாவில்தான் போட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நாலரைப் பக்கம் சாப்பாடு, டிரைவர், அம்மாவின் முட்டி, அப்புறம் தங்கை மாப்பிள்ளைக்குக் கமிஷன் போயிருக்குமோ என்ற சந்தேகம். அதையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மீன் குழம்பில் தேங்காய் அரைப்பு சரியில்லை என்று எந்த நுகர்வோர் ஆணையமும் தீர்ப்பு எழுதாது. மாப்பிள்ளையைப் பற்றி மனுவில் ஒரு வரி எழுதினாலும் உங்களுடைய முக்கியமான சாட்சி எதிராளி பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். பணம் கட்டுவதற்கு முன்னால் ஐட்டினரி, அதாவது பயணத் திட்டம், வந்தது அவர் போனுக்குத்தான் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கே போடுவது என்பதில் குழப்பமே வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், அதாவது நாகர்கோவில். ஏஜென்டின் ரசீதுக்குப் பின்னால் ‘வழக்கு திருவனந்தபுரத்தில் மட்டும்’ என்று பொடி எழுத்தில் அடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமையை ரசீதுப் புத்தகம் அடித்தவர் பறிக்க முடியாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. மற்ற நடைமுறையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இணைத்த ஐந்து ஸ்கிரீன்ஷாட்டில் மூன்றாவதுதான் உங்கள் வழக்கு. ஜூன் 4-ம் தேதி ஏஜென்ட் 25,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, கீழே மலையாளத்தில், ‘இதோடு எல்லாம் செட்டிலாயி, கேட்டோ சேட்டா’ என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடியில் நீங்கள் ‘ஓகே, தேங்க்ஸ்’ என்று போட்டு ஒரு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து போன அடுத்த செய்தி ஜூன் 16. பன்னிரண்டு நாள். ஓட்டல் எந்தப் பக்கம் இருந்தது, படகு ஏன் போகவில்லை என்பதையெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் தொடவே மாட்டார். இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பதில் மனுவோடு இணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

1872-ல் எழுதிய இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 63-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வர வேண்டியது எவ்வளவாக இருந்தாலும், குறைவான தொகையை ‘முழுக் கணக்குக்கும் இது போதும்’ என்று நீங்கள் வாங்கிக்கொண்டால் மிச்சம் ஒழிந்தது. சட்டத்திலேயே உதாரணம் போட்டிருக்கிறார்கள். 5,000 ரூபாய் தர வேண்டியவன் 2,000 கொடுக்கிறான், மற்றவன் அதை முழுக்கடனுக்கும் சரி என்று ஏற்றுக்கொள்கிறான், கடன் முழுதும் தீர்ந்தது. அவ்வளவுதான். முத்திரைத்தாளும் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஓகே’ போதும்.

இந்தக் குழியில் ஆட்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. கல்யாண மண்டப அட்வான்ஸ், பாதியில் விட்டுப்போன வீட்டு வேலை, ஆஸ்பத்திரி பில், எதுவானாலும் கதை ஒன்றுதான். எதிராளி கொஞ்சம் பணத்தைத் தூக்கிப் போடுவார், கூடவே ஒரு வரி எழுதுவார், நம்மவர் பணம் வந்ததா என்று மட்டும் பார்ப்பார், அந்த வரியைப் படிக்க மாட்டார். ரப்பர் ஷீட் எடை போடும்போது ஈரம் எவ்வளவு என்று அமுக்கிப் பார்க்கிற நீங்கள் இதைப் படிக்காமல் விட்டீர்கள் என்றால் எந்த ஆணையமாவது நம்புமா?

தப்பிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. காப்பீட்டு வழக்கு ஒன்றில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, முழுத்தொகையும் பெற்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்ட ஒரே காரணத்துக்காக நுகர்வோரின் கதவு அடைபடாது. ஆனால் மோசடியாலோ, தவறான தகவலாலோ, நெருக்கடி கொடுத்தோ அந்த எழுத்தை வாங்கினார்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. நீங்கள் ஏன் வாங்கிக்கொண்டீர்கள்? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘ஜூனில் பீஸ் கட்ட வேண்டியிருந்தது, குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்றும் நினைத்தேன்.’ இது நெருக்கடிதான், ஆனால் ஏஜென்ட் கொடுத்த நெருக்கடி இல்லை. தயவுசெய்து இந்த வரியை வேறு யாருக்கும் எழுதி அனுப்பாதீர்கள்.

மிஞ்சுவது தவறான தகவல். கடிதத்தின் நாலாம் பக்கத்தில், நீங்களே பெரிதாக நினைக்காமல் அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒன்றில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முந்தின நாள் ஏஜென்ட், ‘அந்த ஒருநாள்தான் கடல் மோசம், முந்தின நாள் போனவர்கள் எல்லாம் திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தார்கள், உங்கள் நேரம்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கும் சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே கடைசியில் அந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். ஆக அவர் விற்றது நடக்க வாய்ப்பில்லாத ஒரு பயணத்தை, பிறகு சமாதானம் பேசும்போதும் உண்மையை மறைத்திருக்கிறார். அந்தப் பொய்யை நம்பித்தான் 25,000-க்கு ஒத்துக்கொண்டேன் என்று நிரூபித்தால் உங்கள் ‘ஓகே’ உங்களைக் கட்டாது. ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

அவர் அதை எப்படிச் சொன்னார்? வாய்ஸ் மெசேஜாகவா, போனில் பேசும்போதா? இதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வாய்ஸ் மெசேஜ் என்றால் உங்களிடம் வழக்கு இருக்கிறது. போனில் பேசியது என்றால் அவர் சொல்லும் உங்கள் சொல்லும்தான், அதற்குமேல் எதுவும் இல்லை.

வாய்ஸ் மெசேஜ் இருந்தாலும் துள்ள வேண்டாம். அதே 19-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண முயற்சி எடுத்திருந்தால் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்ற நிலையில் இருந்தவர், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. இங்கேதான் நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது வந்து நிற்கும். கடல் கொந்தளித்தது இயற்கை, என் கையில் இல்லை என்று ஏஜென்ட் சொல்வதை நாம் எப்படி உடைப்போம்? வருஷா வருஷம் வருகிற மழையை எதிர்பாராதது என்று சொல்லாதே, கேரளத்தில் எடவப்பாதி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறீர்கள், ஜூன் 1 வாக்கில் இங்கே வருகிற அதே காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது என்போம். நல்ல வாதம். உடனே எதிர்த்தரப்பு எழுந்து, குளச்சல் கரையில் ஜூன் 1-ல் மீன்பிடித் தடை தொடங்குகிற மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மட்டும் மே கடைசியில் கடல் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்று கேட்கும். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று திரும்பி வரும். டெல்லிக்காரனிடமிருந்து இந்தக் கேள்வி வந்திருந்தால் என் பதில் இன்னும் தைரியமாக இருந்திருக்கும்.

இதற்குப் பதில் சொல்லவே முடியாது என்றில்லை. திமிங்கலப் படகு வியாபாரம் எந்த மாதம் ஓடும் என்பது அதை விற்கிறவனுக்குத் தெரிய வேண்டிய சங்கதி, அதற்குத்தான் காசு வாங்குகிறான் என்று வாதாடலாம். நானே வாதாடுவேன். ஆனால் ஜெயிப்பேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மனைவி பேஸ்புக்கில் போட்ட பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பிராடு, திருடன்’ என்று கடைப் பெயரோடு எழுதியிருக்கிறார். அதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன் நகல் வைத்துக்கொள்ளுங்கள், எதிராளியிடம் கட்டாயம் ஒரு நகல் இருக்கும். ஓட்டல் கடற்கரையில் இல்லை, படகுப் பயணம் நடக்கவில்லை என்று நடந்ததை எழுதுவது வேறு, ஆளைத் திருடன் என்பது வேறு. இரண்டாவதற்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறு வழக்கு வரும், அது வந்த நாளிலிருந்து பேரம் பேசும் பலம் கை மாறிவிடும். இதைவிட மோசம் நீங்கள் ஜூன் 16-ல் அனுப்பிய செய்தி: ‘ரெண்டு லட்சம் தராவிட்டால் உன் பெயரை நாறடிப்பேன்.’ ஒருவரின் பெயரைக் கெடுப்பதாக மிரட்டிப் பணம் கேட்பதை மிரட்டிப் பறித்தல் என்று சொல்ல ஒரு வக்கீலுக்கு அரை நிமிடம் ஆகாது. இனிமேல் கோபம் வந்தால் போனை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.

யாரை எதிர்த்தரப்பாகப் போடுவது என்பதையும் பாருங்கள். 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கிறவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, என்று 23,100 ரூபாய் தனியாக வாங்கினார் என்கிறீர்கள். உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் என்ற வருமான வரிக் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் அதைப் பிடித்துக் கட்டியவர் யார் என்று தெரியும். அங்கே இந்த ஏஜென்டின் பெயருக்குப் பதிலாக வேறு கம்பெனி இருந்தால், இவர் வெறும் இடைத்தரகர் என்று கைகழுவுவார், ஆகவே இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். எந்தப் பெயருமே இல்லை என்றால் வாங்கிய பணத்தைக் கட்டாமலே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் சமாதானம் பேசும்போது அதை மெதுவாக மேசைமேல் வைக்கலாம், மிரட்டலாக அல்ல, வெறுமனே ‘என் 26ஏஎஸ்-ஸில் காணோமே, சலான் இருக்கிறதா’ என்ற கேள்வியாக.

சமாதானம் என்றேன் அல்லவா, என் ஆலோசனை அதுதான். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். படகுப் பயணத்துக்கு அவர் அனுப்பிய விலைப்படி ஆறு பெரியவர்களுக்கு 33,000, மூன்று பிள்ளைகளுக்கு 7,500. ஓட்டல் வித்தியாசம் நீங்கள் சொன்ன கணக்கிலேயே மூன்று அறை, நாலு ராத்திரி, 3,500 வீதம் 42,000. ஆக 82,500. வந்தது 25,000. உண்மையில் சண்டை 57,500 ரூபாய்க்குத்தான். ஆணையம் இதற்கு மேல் உளைச்சலுக்கும் செலவுக்கும் ஏதாவது போடலாம், அது அந்த ‘ஓகே’யைத் தாண்டினால். தாண்டினாலும் அவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போவார். பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்றாலும் காலம் ஓடும். கடைசியில் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனால் கடை வேறு பெயரில் இருக்கும். உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்று 72-வது பிரிவு சொல்கிறது. ஆனால் ஆளைப் பிடிக்க வாரண்டோடு அலைவது தனி வேலை, அந்தச் செலவுக்கு இன்னொரு முறை பெந்தோட்டை போய் வரலாம், ஜனவரியில்.

40,000 கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 35,000 என்றாலும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாய்ஸ் மெசேஜ் இருந்தால் மட்டும் 57,500-இல் இறங்காமல் நில்லுங்கள். பேச்சைத் தங்கை மாப்பிள்ளை வழியாகவே தொடங்குங்கள், இரண்டு பக்கமும் தெரிந்தவர் அவர்தான். பேச்சு முடிவதற்கு முன்னால் ஏஜென்ட் மறுபடியும் ஐயாயிரம் பத்தாயிரம் என்று போட்டுவிட்டால், அன்றைக்கே, அந்த நிமிடமே, ‘இது ஒரு பகுதி மட்டும், பாக்கியைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.

இரண்டு வருடக் காலக்கெடு இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். ஜூன் 3-ம் தேதி அவர் அனுப்பியது வாய்ஸ் மெசேஜா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயனில்லை, ஒலிக்கோப்பாகவே எடுத்து வேறு இரண்டு இடத்தில் வையுங்கள். மாப்பிள்ளை போனில் உள்ள ஐட்டினரியையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். புது போன் வாங்கப் போவதாக வேறு கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வாங்குங்கள், ஆனால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.