மூன்று வீடுகளும் ஒரு லாரி டியூபும்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் தமிழ்நாட்டு மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டினாள். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது என்பது அவளே வைத்துக்கொண்ட விதி. 38 மாவட்டங்களுக்கும் நான்கு வண்ணங்களே போதுமாக இருந்தன. ஐந்தாவது வண்ணம் கேட்கும் படத்தைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கற்பனை நாடுகளாக வரைந்து ஒரு நோட்டை நிரப்பிவிட்டாள். இப்போது மூன்று வீட்டுப் புதிர். மூன்று வீடுகளுக்கும் தண்ணீர், மின்சாரம், காஸ் மூன்றையும் ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல் கொடுக்க வேண்டுமாம். "விடை இருக்கிறது, இன்னும் முயற்சி செய்" என்று என் கணவர் உற்சாகப்படுத்துகிறார். நேற்று இரவு நோட்டை மூடிவைத்து அழுதுவிட்டாள். இந்த விளையாட்டால் என்ன பயன்? இதை நிறுத்திவிட்டு அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? இன்னொன்று: இந்த வண்ணக் கணக்கோடு தொடர்புடைய கணித அறிஞர் டி மார்கன் மதுரையில் பிறந்தவர் என்று படித்தேன். அவருக்கு இங்கே ஒரு சிலை வைக்க வேண்டாமா?

வாசகி, திருநகர், மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மகளைக் கூப்பிட்டு, அந்தப் புதிருக்குக் காகிதத்தில் விடை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். இன்றே சொல்லுங்கள். இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். இருந்தும் எனக்குக் கோபம் வருகிறது. வறண்ட கிணற்றில் வாளியை இறக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு இறைக்கத் தெரியவில்லை" என்று ஒரு குழந்தையை நினைக்கவைக்கலாமா? தனக்கு மூளை போதவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டுதான் அவள் அழுதிருப்பாள். அந்த அழுகையை எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் வாடிப்பட்டிப் பக்கம் என் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். நான் நீச்சல் பழகிய கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்த மண்மேட்டைப் பார்த்ததிலிருந்து ஒரு லாரி டியூப் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் உங்கள் கடிதம்.

1978. எனக்கு ஏழாம் வகுப்பு. ஓர் ஆசிரியர் இதே புதிரைக் கரும்பலகையில் போட்டார். எங்கள் ஊரில் அதற்குக் காஸும் மின்சாரமும் கிடையாது. பேச்சுவார்த்தை அற்றுப்போன மூன்று பங்காளிகளின் வீடுகள்; கிணறு, கோயில், களத்துமேடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று இடங்களுக்கும் தடம் வேண்டும், ஒருவர் தடத்தை இன்னொருவர் மிதிக்கக்கூடாது. எட்டுத் தடங்கள் வந்துவிடும். ஒன்பதாவது எப்படிச் சுற்றினாலும் மாட்டிக்கொள்ளும். "நாங்களெல்லாம் பத்து நிமிடத்தில் போட்டோம்" என்றார் அவர். போடாதவர்கள் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். மூன்று நாட்கள் நின்றேன்.

என் சித்தப்பா சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார்; குமிழி கிளம்பும் இடத்தைத் துடைத்துச் சாக்பீஸால் வட்டமிடுவார். நாங்கள் கிணற்றில் மிதப்பதற்காக, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட பழைய லாரி டியூப் ஒன்றைக் கொடுத்திருந்தார். நான்காம் நாள் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, ஆத்திரத்தில் அந்த டியூப் மேலேயே புதிரைப் போட்டேன். ஆறு தடங்கள் ஒரு வட்டமாக, வீடு, இடம், வீடு, இடம் என்று மாறி மாறி வந்தன. ஏழாவதை வட்டத்தின் குறுக்கே போட்டேன். எட்டாவதை வெளியே எடுத்து, டியூபின் முதுகோடு முழுச் சுற்று ஓட்டி மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்தேன். ஒன்பதாவது கோடு வளைவில் இறங்கியது. நடு ஓட்டைக்குள் புகுந்து, அடிவழியாக மேலேறி, களத்துமேட்டில் வந்து முட்டியது. எதையும் வெட்டவில்லை. சாக்பீஸ் தூள் ஒட்டிய விரலோடு அதையே திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் டியூபைப் பள்ளிக்கு உருட்டிக்கொண்டு போனேன். "காகிதத்தில் கேட்டால் டியூபில் போடுகிறாயா, ஏமாற்றுக்காரா" என்று உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது.

அவர் கேட்டது காகிதத்தில்தான், அது சரி. ஆனால் காகிதத்தில் ஏன் முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்புக்கே புரியக்கூடிய கணக்கு அது. மகளோடு உட்கார்ந்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

காகிதத்தில் புள்ளிகளை ஒன்றோடொன்று தொடர்புபடும்படி, வெட்டாத கோடுகளால் இணையுங்கள். கோடுகள் காகிதத்தைப் பல பகுதிகளாகப் பிரிக்கும். வெளியே கிடக்கும் இடமும் ஒரு பகுதி. புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கோடுகளைக் கழித்துப் பகுதிகளைக் கூட்டினால் எப்போதும் 2 வரும். கணித மேதை ஆய்லர் கண்ட உண்மை இது. நம் புதிரில் புள்ளிகள் 6, கோடுகள் 9. அப்படியானால் பகுதிகள் 5 இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வீட்டுக்கும் இடத்திலிருந்து இடத்துக்கும் தடம் கிடையாது. ஆகவே மூன்று கோடுகளால் ஒரு பகுதியை வளைக்க முடியாது. குறைந்தது நான்கு வேண்டும். 5 பகுதிகளுக்கு 20 பக்கங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கங்கள்தான், 9 கோடுகளுக்கு 18. இரண்டு குறைகிறது! உங்கள் மகள் இன்னும் நூறு நோட்டுகளை நிரப்பினாலும் அந்த இரண்டு பக்கங்கள் எங்கிருந்தும் வரப்போவதில்லை. அவளுடைய மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டியூபில் அந்த 2 என்ற எண் 0 ஆகிவிடுகிறது. பகுதிகள் 3 இருந்தால் போதும். தேவை 12 பக்கங்கள், கையில் 18. தாராளம். உளுந்த வடையில் போட்டாலும் இதே கணக்குத்தான். காகிதத்தில்கூட ஓர் இடத்தில் மேம்பாலம் கட்ட அனுமதி கொடுங்கள், கீழே ஒரு தடம், மேலே ஒரு தடம் போய்விடும். வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் இடத்தியல் என்ற கணிதத்தில், மேம்பாலம் கட்டிய தரையும் ஓட்டையுள்ள டியூபும் உறவுக்காரர்கள்.

இதைத்தான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு விடை கண்டுபிடிக்க மட்டும் சொல்லித்தருகிறோம். "முடியாது" என்பதும் முழு மதிப்பெண் பெறத் தகுந்த விடைதான், எந்தப் பரப்பில் முடியாது, ஏன் முடியாது என்று சேர்த்துச் சொன்னால். அதைச் சொல்லித்தராத வகுப்பில் பிள்ளைகள் தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள்.

சிலை வேண்டாம். அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். ஏழு மாதக் கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணில் பார்வை போனது. ஊர்ப்பெருமைக்கு இதில் அதிகம் இடமில்லை. நான் அவரைக் கும்பிடுவது வேறொரு காரணத்துக்காக. 1852 அக்டோபர் 23 அன்று லண்டனில் ஒரு மாணவர் அவரிடம் கேட்டார்: எந்தப் படத்துக்கும் நான்கு வண்ணங்கள் போதும் என்கிறார்களே, ஏன்? இங்கிலாந்து மாவட்டப் படத்துக்கு வண்ணம் தீட்டியபோது அந்த மாணவரின் அண்ணன் பிரான்சிஸ் கத்ரிக்குத் தோன்றிய கேள்வி அது. டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்போல் நடிக்காமல், அன்றைக்கே அயர்லாந்திலிருந்த கணித அறிஞர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாணவர் கேட்டது அன்று மாலைக்குள் கடலைத் தாண்டப் புறப்பட்டுவிட்டது. நான் டியூபை உருட்டிக்கொண்டு போன நாளில் அப்படி ஓர் ஆசிரியர் வாசலில் நின்றிருந்தால்!

நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவள் தேடிய ஐந்து வண்ணப் படம் கிடையாது. ஆனால் அவளைவிடப் பெரியவர்கள் அங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். நான்கு வண்ணங்கள் போதும் என்பதை நிரூபித்துவிட்டதாக 1879-இல் கெம்பே என்பவர் எழுதினார், உலகம் ஏற்றுக்கொண்டது. 1890-இல் ஹீவுட் என்பவர் அந்த நிரூபணத்திலிருந்த ஓட்டையைக் காட்டினார். 1976-இல்தான் அப்பெலும் ஹாக்கெனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் கணினியை ஓட்டி முடித்துவைத்தார்கள். (ஒரு நாடு ஒரே துண்டாக இருந்தால்தான் இது பொருந்தும். புதுச்சேரி மாதிரி நான்கு இடங்களில் சிதறிக்கிடந்து, நான்கும் ஒரே வண்ணமாக இருக்க வேண்டும் என்றால் ஐந்தாவது தேவைப்படலாம். அவளிடம் இதைச் சொல்லுங்கள், குதிப்பாள்.)

காகிதத்தில் அவ்வளவு இழுத்தடித்த கேள்வியை டியூபில் ஹீவுட் அந்த 1890 கட்டுரையிலேயே தீர்த்துவிட்டார். டியூபில் எந்தப் படத்துக்கும் ஏழு வண்ணங்கள் போதும். ஏழும் தேவைப்படும் படமும் உண்டு. ஐந்து கேட்டவளுக்கு ஏழு.

அவள் கையாலேயே செய்யட்டும். ஒரு லாரி டியூபில் காற்றடித்து, வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் உடம்பைச் சுற்றி ஒரு வளையக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த வளையத்தை ஏழு சமபங்காகக் குறித்து, ஏழு பட்டைகளை டியூபின் நீளவாக்கில் ஓட்ட வேண்டும். நேராக ஓட்டக்கூடாது. ஒரு முழுச் சுற்று முடித்து வளையத்துக்குத் திரும்பும்போது, எல்லாப் பட்டைகளும் ஒரே பக்கமாக இரண்டரைப் பட்டை அகலம் நகர்ந்திருக்க வேண்டும். இப்போது ஒரு பட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் இரண்டு பேர், முன்முனையில் இரண்டு பேர், பின்முனையில் இரண்டு பேர். மற்ற ஆறு பேரையும் அது தொட்டுவிடும். எந்தப் பட்டையை எடுத்தாலும் அப்படித்தான். ஏழு வண்ணங்கள் இல்லாமல் தப்பவே முடியாது. அந்த அரைப் பட்டையில்தான் எல்லாம் இருக்கிறது, அளவு தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தண்ணீரில் போய்விடும், பெயின்ட் வாங்கிக்கொடுங்கள். அபாகஸ் உங்கள் விருப்பம். திருநகரில் பழைய லாரி டியூப் அகப்படவில்லை என்றால் எழுதுங்கள். எங்கள் ஊர்க் கடையை இப்போது சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறான், ஒட்டுப் போட்டது ஒன்றை வாங்கி அனுப்புகிறேன்.