டீச்சரிட்ட கேளுங்க: மழை இருட்டினா பேக்கைக் கட்டி வைக்கிற புள்ள

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல மழையப் பத்தித்தான். முந்தி எல்லாம் மாமி மருமகள் சண்டையும் ஸ்கொலர்ஷிப் வெட்டுப்புள்ளியும்தான் வரும், இப்ப வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு எழுத வேண்டியதையும் எனக்கு எழுதுறீங்க. பரவாயில்ல, எழுதுங்க. முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்ச வாய் சும்மா கிடக்காது.

டீச்சர், கடல் சூடாகுது எண்டு டிவில சொல்றாங்க, அப்ப சுனாமி திரும்ப வருமா? ஒவ்வொரு டிசம்பரும் என்ட மாமி "கடல் கொதிக்குது, இந்த முறை வரும்" எண்டு சொல்லி புள்ளைகளப் பயப்புடுத்துறா.
ஒரு மருமகள், கல்முனை

சுனாமிக்கும் இந்தச் சூட்டுக்கும் சம்மந்தம் இல்ல மகள். 2004 டிசம்பர் 26ந் திகதி சுமாத்திராப் பக்கம் கடலுக்கடில நிலம் அதிந்துதான் தண்ணி எழும்பி வந்த. காத்துல கரியமில வாயு கூடினாலும் குறைஞ்சாலும் பூமித்தட்டு தன்ட பாட்டுக்கு நகரும். நிலம் ஆடினா, கடல் திடீரெண்டு உள்ளுக்கு இழுத்தா, ஆரும் சொல்லும் வரைக்கும் நிக்காம ஓடணும். புயல் அப்பிடி இல்ல, அது ரெண்டு மூண்டு நாளைக்கு முன்னமே வாற பாதைய காட்டிட்டுத்தான் வரும். புள்ளைகளுக்கு இத ரெண்டா பிரிச்சுச் சொல்லிக் குடுங்க.

மாமிய ஏசிப்போடாதீங்க. அண்டைக்கு இலங்கைல ஆகக்கூட ஆக்கள் செத்தது நம்மட அம்பாறை மாவட்டத்துலதான், அவ ஆர ஆரக் குடுத்தாவோ. ஒரு நாளைக்கு பிளேன்டீ ஊத்திக் குடுத்து, அண்டைக்குக் காலையில இருந்து என்ன நடந்த எண்டு முழுசாச் சொல்லச் சொல்லுங்க. பாதியச் சொல்லி பாதிய விழுங்குறதுதான் புள்ளைகளுக்கு பேய்க்கதையாப் போற.

டீச்சர், நான் கல்லடி. மகளுக்கு 9 வயசு. 2024 கார்த்திகை வெள்ளத்துல எங்கட வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, ரெண்டு நாள் கோயில் மண்டபத்துல கிடந்தம். அதுக்குப் பொறகு வானம் இருட்டினா போதும், அவ ஸ்கூல் பேக்க கவிட்டுக் கொட்டிட்டு வேற சாமான் வச்சுக் கட்டி கதவடில கொண்டு வைக்கிறா. 2025ல டித்வா புயல் நேரம் அந்த மலைநாட்டு மண்சரிவு வீடியோ எல்லாத்தையும் பாத்திட்டா. "அம்மா, நான் உங்கள மாதிரி பெரிசா வரக்குள்ள கல்லடிப் பாலம் இருக்குமா?" எண்டு கேட்டா. ஒண்டும் ஆகாது மகள் எண்டன். என்ட மூஞ்சப் பாத்திட்டு "அப்ப ஏன் நீங்க ராவைக்கு போனப் பாத்து அழுறீங்க?" எண்டுறா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவர் கட்டார்ல, ரெண்டாவது புள்ளையப் பத்திக் கதைக்கிறார். எனக்கு இந்த உலகத்துக்கு இன்னொரு புள்ளையக் கொண்டுவரப் பயமா இருக்கு. எனக்கு விசரா டீச்சர்?
ஒரு அம்மா, கல்லடி

விசர் இல்ல தங்கச்சி. 2021ல பத்து நாட்டுல பத்தாயிரம் பொடியன் பெட்டையளிட்ட, 16 வயசுல இருந்து 25 வரைக்கும், இதப்பத்திக் கேட்டு ஒரு ஆய்வு செஞ்சாங்க. நாலுல மூண்டு பேர் எதிர்காலத்த நினைச்சா பயமா இருக்கு எண்டு சொன்ன, பத்துல நாலு பேர் புள்ள பெறவே யோசினையா இருக்கு எண்டு சொன்ன. இலங்கை அந்தப் பத்துல இல்ல, இந்தியா இருந்த. ஆனபடியா கல்லடில நீங்க ராவு ஒரு மணிக்கு முழிச்சுக் கிடக்குறது தனிய நீங்க மட்டும் இல்ல.

முதல்ல புள்ளைட கேள்விக்கு வருவம், ஏனெண்டா அது நல்ல கேள்வி, அதுக்கு "ஒண்டும் ஆகாது" எண்டது மறுமொழி இல்ல, அது அவளுக்கே தெரிஞ்சுதான் உங்கட மூஞ்சப் பாத்திருக்கா. பழைய பாலம் வெள்ளக்காரன் காலத்துச் சாமான், 78 சூறாவளியும் பாத்து சுனாமியும் பாத்து இன்னும் நிக்குது, பக்கத்துல புதுசும் கட்டியாச்சு. பாலம் இருக்கும் மகள் எண்டு தைரியமாச் சொல்லலாம். ஆனா மத்தப் பாதியும் சொல்லணும். 1900க்குப் பொறகு உலகத்துல கடல் மட்டம் ஒரு சாண் அளவு உயந்திருக்கு, முந்தி உயந்த வேகத்த விட இப்ப ரெண்டு மடங்குக்கு மேல. காத்து ஒரு பாகை சூடானா ஏழு வீதம் கூடுதலா நீராவி புடிக்கும், ஈரத்துணி பெரிசானா புழிய கனக்க தண்ணி வாற மாதிரி, அதனாலதான் மழை பேஞ்சா பெய்யாம கொட்டுது. இதெல்லாம் ஒம்பது வயசுக்கு விளங்கும். நான் ஆறாம் ஆண்டுக்குப் படிப்பிச்ச சங்கதிதான்.

மறுகா நல்லதையும் சொல்லணும், அத ஒரு வீடியோவும் சொல்லாது. 2015ல பாரிஸ்ல நாடுகள் கையெழுத்து வைக்க முதல், இந்த நூற்றாண்டு முடியக்குள்ள பூமி நாலு பாகைக்குக் கிட்டச் சூடாகும் எண்டு கணக்கு இருந்த. இப்ப இருக்கிற திட்டத்தோட அது மூண்டுக்குக் கீழ வந்திருக்கு. மூண்டும் நல்லது இல்ல, பொல்லாதது, ஆனா நாலுல இருந்து எறங்கியிருக்கு எண்டா எறக்கலாம் எண்டுதானே அர்த்தம். அதோட இன்னொண்டு, இலங்கைல ஒராள் ஒரு வருசத்துக்கு விடுற கரியமில வாயு ஒரு டன் அளவு, அமெரிக்காவுல அது பத்து டன்னத் தாண்டும். நீங்க அடுப்பு மூட்டினதாலயும் ஸ்கூட்டி ஓடினதாலயும் உங்கட மகளிட வானத்தக் கெடுத்துப் போட்டதா நினைச்சு அழுறீங்க எண்டா அத இண்டையோட நிப்பாட்டுங்க.

உங்கட கடிதம் கண்டதும் நான் போன் எடுத்தன் எலா, அப்ப ஒண்டு கேட்டன், புள்ளைட பேக்குக்குள்ள என்ன இருக்கு எண்டு. உங்களுக்கும் தெரியாது. போய்த் துறந்து பாத்துட்டு வந்து சொன்னீங்க: ரெண்டு உடுப்பு, ஒரு கிரீம் கிரேக்கர் பெக்கட், தகப்பன்ட போட்டோ, சொப்பின் பேக்குல சுத்தின ரிப்போர்ட் காட், ஒரு டோர்ச். டோர்ச்சுல பட்டரி இல்ல எண்டீங்க. தங்கச்சி, நான் அண்டைக்கு முழுக்க அந்தப் பட்டரி இல்லாத டோர்ச்சத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தன்.

ஏனெண்டா 78 சூறாவளி நேரம் எனக்கும் 9 வயசுதான். கார்த்திகை 23, பின்னேரம் காத்து எழும்பின நேரம் எங்கட வீட்டுல ஒருத்தருக்கும் என்ன வருது எண்டு தெரியாது. ஓடு ஒண்டொண்டா பறக்கத் தொடங்கினதும் அப்பா எங்க நாலு பேரையும் நெல்லு மூட்டை அடுக்கின மூலைக்குள்ள தள்ளிட்டு மேல பாயப் போட்டு அவர் முன்னால குந்தினார். அம்மா அந்த இருட்டுக்குள்ள எங்கட தலையத் தடவித் தடவி எண்ணினா. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. மறுகா முதல்ல இருந்து. விடிய மட்டும் எண்ணிக்கிட்டே இருந்தா. காலைல வெளிய வந்து பாத்தா வளவுல ஒரு தென்னை நிக்கல்ல, வீட்டு வாசல்ல நிண்டு பாத்தா கடல் தெரியுது, குரும்பட்டி கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கு. எனக்கு அந்தக் காத்துச் சத்தம் இப்ப ஞாபகம் இல்ல. அந்த எண்ணினது ஞாபகம் இருக்கு. அம்மாவும் பயந்துதான் இருந்தா, கை நடுங்கினது தலையில தெரிஞ்ச, ஆனா அந்தக் கைக்கு ஒரு வேலை இருந்த.

உங்கட மகள் செய்யுறதும் அதுதான், கைக்கு ஒரு வேலை தேடி இருக்கா. அவவத் தடுக்காதீங்க. பக்கத்துல குந்தி ரெண்டு பேருமா அந்தப் பேக்கத் துறந்து திருப்பி அடுக்குங்க. டோர்ச்சுக்கு பட்டரி போடுங்க, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் போட்டோ கொப்பி எடுத்து அவளிட சொப்பின் பேக்குக்குள்ளேயே வைங்க, ஒரு காட்டுல உங்கட நம்பரும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட 117ம் எழுதுங்க. மறுகா அந்தப் பேக்குக்கு ஒரு இடம் குடுங்க, அலுமாரிக்கு மேல. கதவடில இல்ல. ஸ்கூல் பேக்கும் அது இல்ல, வேற பேக். மழை வந்தா அவ எடுக்கத் தேவல்ல, அங்க இருக்கு எண்டு தெரிஞ்சாக் காணும். இதச் செஞ்சும் ஒரு மாசத்துக்கு மேல நித்திரை இல்ல, சாப்பாடு இல்ல, ஸ்கூல் போக மாட்டன் எண்டு நிண்டா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, வெக்கப்படாம. தேசிய மனநல நிறுவனத்துட 1926க்கு போன் எடுத்தும் கதைக்கலாம், தமிழ்ல கதைக்கணும் எண்டு சொல்லுங்க. அந்த நம்பர் உங்களுக்கும்தான்.

போன் விசயம். டித்வா நேரம் நாட்டுல அறுநூறு பேருக்கு மேல செத்தது, கனபேர் மலைநாட்டுல மண்ணுக்குள்ள. அத அறியத்தான் வேணும், ஆனா ஒரே மண்சரிவ பதினஞ்சு ஆக்கள் போட்ட பதினஞ்சு வீடியோவுல பாக்குறது அறியுறது இல்ல. புயல் நேரம் காலையும் பின்னேரமும் வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலப் பாருங்க, அவ்வளவுதான். ராவைக்கு அந்தப் போன குசினில வச்சுட்டுப் படுங்க. அவர் கட்டார்ல இருந்து எடுத்தா சத்தம் கேக்கும்.

ரெண்டாவது புள்ள. உங்கட அம்மாமார் யுத்தத்துக்குள்ள, அகதி முகாமுக்குள்ள பெத்தாங்க, அதால நீங்களும் பெறுங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, அவங்களிட்ட ஆர் கேட்ட? உங்களுக்கு வேணாம் எண்டா வேணாம், அதுக்கு காலநிலையச் சாட்டத் தேவல்ல. வேணும் எண்டு உள்ளுக்கு ஆசை இருந்தா, 2100ம் ஆண்டு வெப்பநிலையக் கணக்குப் பாக்க முதல் அவர் கட்டார்ல இருந்து எப்ப ஒரேயடியா வாறார் எண்டு கணக்குப் பாருங்க. தனிய ஒரு புள்ளையோட வெள்ளத்துக்குள்ள நிண்ட பயத்துக்கு நீங்க உலகம் எண்டு பேர் வச்சிருக்கீங்களோ எண்டு எனக்கு ஒரு யோசினை.

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். எனக்கு எட்டு ஏக்கர் வெள்ளாம இரிக்கி. 2024ல விதச்சி மூணு கிழமையில வெள்ளம் எல்லாத்தையும் அழுக வச்சிட்டு. மகன் ஓஎல் எழுதிட்டான், வட்டைக்குத்தான் போவன் எண்டு நிக்கான். அவன்ட உம்மா காலம் கெட்டுப் போச்சி, சவூதிக்கு அனுப்புங்க எண்டுறா. என்ன செய்ய?
ஒரு வாப்பா, நிந்தவூர்

வஅலைக்கும் ஸலாம் நாநா. சவூதில சூடு குறைவு எண்டு உம்மாவுக்கு ஆர் சொன்ன?

நான் வெள்ளாமைக்காரி இல்ல, ஆனா எங்கட சொந்தத்துல பாதி வெள்ளாமைதான். அவங்க சொல்ற ஒண்டு சரி எண்டு படுது: மழை கூடினது ஒரு பக்கம், பேஞ்ச தண்ணிக்குப் போக வழி இல்லாம ஆக்கினது நாம. தண்ணி ஓடுற தோணாவ நிரப்பி வீடு, வட்டைய நிரப்பி கடை, ரோட்டுக்குக் கீழ மதகு போட வேண்டிய இடத்துல மண். காலநிலைய நிந்தவூர்ல இருந்து திருத்த ஏலாது, மதகுக்குச் சண்டை புடிக்க ஏலும். மகனுக்கு ஆசை இருந்தா விடுங்க, ஆனா உங்கள மாதிரிப் படிக்காம வேற மாதிரிப் படிக்கட்டும். உப்பேறின காணி எண்டா ஏடி 354 மாதிரி உப்பத் தாங்குற நெல் இருக்கு, வெள்ளம் வடிஞ்ச பொறகு திருப்பி விதைக்க மூண்டு மாச நெல் இருக்கு, கமநல சேவை நிலையத்துல கேட்டு அவன் அலையட்டும். விவசாயக் காப்புறுதிப் படிவத்தயும் அவனே நிரப்பட்டும்.

ஒண்டு மட்டும் நீங்களே வாயால சொல்லிக் குடுங்க. அந்த 2024 வெள்ளத்துலதான் மாவடிப்பள்ளில மதரஸாப் புள்ளைகள் வந்த உழவு மெசின தண்ணி இழுத்துட்டுப் போன, உங்கட ஊருக்கு அது தூரம் இல்ல, நான் சொல்லத் தேவல்ல. ரோட்டுக்கு மேல தண்ணி ஓடினா மெசின இறக்குறது இல்ல. எவ்வளவு பெரிய டயரா இருந்தாலும்.

டீச்சர், நான் ஏஎல் படிக்கிறன். எங்கட வீடு தகரக் கூரை, கச்சான் காத்து நேரம் அறைக்குள்ள இருக்கேலாது. ஏசி கேட்டா அம்மா "பூமி சூடாகும்" எண்டுறா. பக்கத்து வீட்டுல ரெண்டு ஏசி ஓடுது, அப்ப பூமி சூடாகாதா?
ஒரு மாணவன், அக்கரைப்பற்று

தம்பி, உங்கட அம்மா பயப்புடுறது பூமிக்கு இல்ல, கரண்ட் பில்லுக்கு. அத நேர சொல்ல வெக்கமா இருக்கும். தகரத்துக்கு மேல கிடுகு போட்டுப் பாருங்க, எங்கட வீட்டுப் பின் அறைக்கு அப்பிடித்தான், மத்தியானம் வித்தியாசம் நல்லாத் தெரியும், ஆனா எலி வரும், சொல்லிப்போட்டன். மேற்குப் பக்கம் முந்தி மரம் ஒண்டு நிண்டிருக்கும், அத ஆர் வெட்டின எண்டும் விசாரிங்க. கணக்குப் பாடத்த விடியக்காலம் நாலு மணிக்குச் செய்யுங்க. நானும் இன்னும் ஏசி வாங்கல்ல, ஆரும் கேட்டா பூமியைத்தான் சொல்லுவன்.