பெயரைப் போடாமல் விட்டால் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன: வழக்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது, எழுதிவிட்டால் பாதிக்கப்பட்டவர் எங்கே போய் முறையிடுவது. வழக்கறிஞராவதற்கு முன் நான்கு ஆண்டுகள் சேலம் நீதிமன்றத்தில் செய்தி சேகரித்தவன் நான். இரு பக்கத்து வலியும் எனக்குத் தெரியும். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் ஊர்ப்பகுதியையும் எடுத்துவிட்டேன். காரணம் பதிலிலேயே இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை செய்தியாக வந்தது. பெயரைப் போடவில்லை. ஆனாலும் படித்த எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் வெளியே தலைகாட்டுவதில்லை. இது சட்டப்படி சரிதானா ஐயா?
(சேலம் வாசகி)

சரியில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய செய்தித்துண்டை மேசைமேல் வைத்துப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படித்தேன். குழந்தையின் வயது ஒரு கோடு. படிக்கும் வகுப்பு ஒரு கோடு. தந்தை பட்டுத்தறி நெய்கிறவர் என்பது ஒன்று. வீடு ஒரு கோயிலுக்குப் பின்னால் என்பது ஒன்று. கைக்குழந்தையாக ஒரு தம்பி உண்டு என்பது ஐந்தாவது. (இங்கே எழுதும்போது இவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்தையும் சேர்த்தால் அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சும். இத்தனைக்கும் கீழே, 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் வெளிவரக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓர் ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. செய்தியாளரோடு பத்திரிகை உரிமையாளரும் பொறுப்பாவார். குழந்தையின் நலனுக்காக அடையாளத்தை வெளியிட வேண்டியிருந்தால், அந்த அனுமதியைச் சிறப்பு நீதிமன்றம் மட்டுமே காரணத்தை எழுதிவைத்துத் தரலாம்.

பாலியல் குற்றத்துக்கு ஆளான பெரியவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆவது பிரிவாக இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. சுற்றிவளைத்துக்கூட அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது, பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலும் கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வெளிவந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது, அந்தச் செய்தியின் இணையப் பதிப்பை உடனே நீக்கும்படி ஆசிரியருக்கு எழுதுவது. அடுத்து, பெற்றோர் சம்மதத்தோடு மாநகரக் காவல் ஆணையருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் புகார் கொடுங்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், அதையும் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். 'பாவம், உதவி செய்யுங்கள்' என்று எழுதி அனுப்பியவருக்கும் இதே சட்டம்தான்.

என் தம்பி வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறான். கட்டி காணாமல் போன வழக்கில் அவனைப் பிடித்தார்கள். 'பலே திருடன் சிக்கினான்' என்று படத்தோடு செய்தி வந்தது. வேறொருவன்தான் எடுத்தான் என்று பிறகு தெரிந்து இவனை விட்டுவிட்டார்கள். அது மட்டும் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்க மறுக்கிறார்கள்.
(செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

நம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்து நடக்கும் தொழிலில் இந்தத் தலைப்பு என்ன செய்திருக்கும் என்பது செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த யாருக்கும் விளங்கும். ஒருவர் கைதானதை எழுதப் பத்திரிகைக்கு உரிமை உண்டு. போலீஸ் யாரையும் ரகசியமாகத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு அந்த உரிமை அவசியமும்கூட. ஆனால் 'கைது செய்யப்பட்டவர்' என்பதும் 'திருடன்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, தீர்ப்புக்குப் பிறகு எழுத வேண்டிய சொல்.

படம் போட்டதில் இன்னொரு கேடும் உண்டு. சாட்சியை வைத்து அடையாள அணிவகுப்பு நடத்துவதற்கு முன்பே முகம் பத்திரிகையில் வந்துவிட்டால், சாட்சி யாரைக் காட்டுகிறார் என்பதே சந்தேகமாகிவிடும். சம்பவத்தன்று பார்த்த ஆளையா, நேற்றுக் காலை டீக்கடையில் பேப்பரில் பார்த்த ஆளையா? நிரபராதிக்கும் ஆபத்து, உண்மைக் குற்றவாளி தப்பிக்கவும் இதுவே வழியாகிறது.

ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தம்பி விடுவிக்கப்பட்டதற்கான ஆவணத்தின் நகலை வைத்து, முதல் செய்தி வந்த பக்கத்திலேயே அதே அளவில் இதையும் வெளியிடக் கேளுங்கள். மறுத்தால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம்; அபராதம் போட முடியாது; தொலைக்காட்சி அதன் வரம்பில் இல்லை. அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதானால் கெடு ஓர் ஆண்டுதான். ஆறப் போடாதீர்கள். நல்ல வழக்குகள் பல இந்த ஓர் ஆண்டில்தான் செத்துப்போகின்றன.

நான் நிருபர் வேலைக்குப் புதிது. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று போலீஸ் செய்திக்குறிப்பு தருகிறார்கள்; சில சமயம் வீடியோவும் தருகிறார்கள். அப்படியே போடலாமா?
(ஆத்தூர் வாசகர்)

தம்பி, நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதல். நான் செய்தியாளனாக இருந்தபோது இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. 'பரபரப்பு வாக்குமூலம்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் எத்தனை பேர் பிறகு விடுதலையானார்கள் என்று நான் போய்ப் பார்த்ததும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் சொல்லி வந்தது. இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 23-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். அடித்து வாங்கியிருக்கலாம் என்ற அச்சத்தால் நீதிபதியே காதில் வாங்கக் கூடாது என்று சட்டம் ஒதுக்கிவைத்த ஒன்றை நீங்கள் ஊருக்கே படித்துக்காட்டுகிறீர்கள். 'ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறுகின்றனர். இதை நீதிமன்றம் ஏற்காது' என்று எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும்.

குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன் எழுதுவது பெரும்பாலும் நீதிமன்ற அவமதிப்பாகாது என்பதுதான் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. கைதான நாளிலிருந்தே குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவமதிப்புச் சட்டத்தின் பாதுகாப்புத் தொடங்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006-இல் தன் 200-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஆகவே கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒருவருடைய மானம் முழுக்க உங்கள் மனசாட்சியின் கையில்தான் இருக்கிறது. போலீஸ் ஊடகங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு கையேடு தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது, இந்தக் கேட்டைப் பார்த்துத்தான்.

இதைச் சொல்வதால் பின்வாங்கிவிடாதீர்கள். கையில் மாவுக்கட்டோடு ஓர் ஆளை உட்காரவைத்துப் படம் கொடுக்கிறார்களே, 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்று ஒரு விளக்கத்தோடு, அங்கே கேளுங்கள். எந்தக் கழிவறை? எத்தனை மணிக்கு? எந்த மருத்துவர் பார்த்தார்? ரிமாண்ட் செய்தபோது மாஜிஸ்திரேட் என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார்? 2020-இல் போலீஸ் பிடித்துப்போன சாத்தான்குளம் தந்தை மகன் இறப்பைப் பத்திரிகைகள் விடாமல் எழுதியதால்தான் நாடே திரும்பிப் பார்த்தது. மதுரைக் கிளையும் தானாக முன்வந்து விசாரித்தது. போலீஸ் கொடுத்ததை அப்படியே அச்சிடுவதைச் சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கொடுக்காததைத் தேடிப் போகும்போதுதான் உங்களுக்கு அந்தச் சுதந்திரம் தேவைப்படும்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறேன். அறை எடுத்திருந்த ஒருவர் இறந்துபோனார். வருகைப் பதிவேட்டையும் சிசிடிவி காட்சியையும் நிருபர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(ஏற்காடு வாசகர்)

கொடுக்காதீர்கள். போலீஸ் எழுத்துமூலம் கேட்டால் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். பதிவேட்டின் அதே பக்கத்தில், இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இருபது பேரின் முகவரியும் ஆதார் எண்ணும் இருக்கும். உங்களை நம்பித்தான் எழுதிக் கொடுத்தார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது உங்கள் ஏற்காட்டு விடுதிக்கும் சேர்த்துத்தான். நிருபரிடம் நீங்கள் கண்டதைப் பேசலாம். அறையில் தங்கியவர்கள் கணவனும் மனைவியும்தானா என்ற கேள்விக்கு மட்டும் வாய் திறக்காதீர்கள்.

பத்திரிகையாளர்களை நீதிமன்றம் வெளியே போகச் சொல்லலாமா?
(சட்ட மாணவி, கன்னங்குறிச்சி)

சொல்லலாம்; ஆனால் அது விதிவிலக்கு. விசாரணை திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும் என்பதே விதி. பாலியல் வன்கொடுமை வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். மற்றவற்றில், விசாரணையின் நியாயத்துக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்து வேறு வழியும் இல்லாதபோது, செய்தி வெளியிடுவதைக் குறுகிய காலத்துக்குத் தள்ளிவைக்க உத்தரவிடலாம். 1966-இன் மிராஜ்கர் தீர்ப்பையும் 2012-இன் சஹாரா தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

அந்தரங்க உரிமை, அந்தரங்க உரிமை என்கிறீர்களே, லஞ்சம் வாங்கும் அதிகாரி 'இது என் சொந்த விஷயம்' என்று ஒளிந்துகொள்ளத்தானே இது பயன்படும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி)

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. இதற்கான விடை உங்கள் ஊரோடு ஒட்டியிருக்கிறது. நீங்கள் தினமும் கடந்துபோகும் சேலம் மத்தியச் சிறையில்தான் 1995 ஏப்ரல் 27 அன்று ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். சிறையில் இருந்தபோது அவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருந்தார். உயர் அதிகாரிகளோடு தமக்கிருந்த தொடர்பும் அதில் இருந்தது. நக்கீரன் பத்திரிகை அதை வெளியிடப் போவதாக அறிவித்ததும், அது பொய், வெளியிடக் கூடாது என்று 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைமையிடமிருந்து கடிதம் போனது. பத்திரிகை ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7-ஆம் தேதித் தீர்ப்பு, ஒரே மூச்சில் இரண்டையும் காப்பாற்றியது. தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் ஏறிவிட்டதை எழுதலாம். அதிலும் பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் விலக்கு. அதிகாரி தன் பதவியில் செய்த செயலைப் பற்றியதென்றால் அந்தரங்கம் என்ற வாதமே எடுபடாது. செய்தி தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்து எழுதியிருந்தால் நஷ்டஈடு இல்லை. வெளியாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்த ஒருவரின் எழுத்தின்மீது எழுந்த வழக்கில் பிறந்த சட்டம் இது. இந்த நாட்டில் எழுதுகிற எல்லோருக்கும் இன்றும் அது நிழல் தருகிறது.

ஆனால் உங்கள் அச்சத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதில் நானும் உங்கள் பக்கம்தான். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலுக்குத்தான் முன்பு விலக்கு இருந்தது. திருத்தத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்ற சொல் மட்டுமே நிற்கிறது; அப்படிச் சொல்லியே அதிகாரிகள் தகவல் தர மறுக்கலாம். முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு இருந்த விலக்கும் இந்தச் சட்டத்தில் இல்லை. தறிக்காரர் மகளுக்குக் கிடைக்க வேண்டிய திரையை எடுத்து அலுவலக ஜன்னலில் மாட்டியது போல இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் விடுதலையானேன். இன்றும் இணையத்தில் என் பெயரைத் தேடினால் அந்த வழக்குதான் முதலில் வருகிறது. மகளுக்கு வரன் பார்க்கிறோம். தீர்ப்பிலிருந்து என் பெயரை எடுக்க முடியுமா?
(மேட்டூர் வாசகர்)

இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. இப்படிக் கேட்ட ஒருவரின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

உங்கள் வேதனை தெரிந்தும் என் கருத்தைச் சொல்கிறேன்: தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். 1882 சேலம் கலவரத்தில் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் பெற்று, பிறகு உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவர்மீது நடந்த அநீதி நமக்குத் தெரிவதே அந்தப் பதிவு அழியாததால்தான். 'இவர் குற்றவாளி அல்ல' என்று அரசு முத்திரையோடு சொல்லும் ஒரே தாள் உங்கள் தீர்ப்பு. அதிலிருந்து பெயர் போய்விட்டால், பழைய கைதுச் செய்தி மட்டும் பதில் இல்லாமல் நிற்கும்.

மாற வேண்டியது அந்தச் செய்திதான். அதைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை அனுப்பி, செய்தியின் முதல் வரியிலேயே விடுதலையான தேதியைச் சேர்க்கக் கேளுங்கள். கடித வரைவை இந்த வாரமே உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறேன். வரன் வீட்டார் கேட்டால், அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் முன்பே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள்.